நாற்காலி கேட்ட மன்னிப்பு

“ஒரு நாற்காலி எந்திரிச்சு நின்னு, மனுசன் கால்ல விழுந்து, பொலபொலன்னு கண்ணீர் விட்டு மன்னிப்புக் கேட்டுது வே. இந்த ரெண்டு கண்ணால பார்த்தேன்!”

குற்றாலிங்கம் இதைச் சொல்வது எப்படியும் ஆயிரத்து ஒன்றாவது தடவை. பாளையங்கோட்டை மைதானத்தில் காலை நடையை முடித்துவிட்டு, கேலரிப் படியில் வரிசையாக உட்கார்ந்து, அருகம்புல் சாற்றை முகம் சுளித்தபடி குடிக்கிற ஓய்வுபெற்றோர் கூட்டம் ஆயிரத்து ஒன்றாவது தடவையும் சிரித்தது. சிரித்த சிரிப்பில் வேப்பமரத்துக் காக்கைகள் கிளம்பி மணிமுத்தாறு வரைக்கும் போய்த்தான் இறங்கின.

எல்லோரையும் விட உரக்கச் சிரித்தவர் நயினார்.

“போன வாரம் வரைக்கும் அது உட்கார்ந்த இடத்துலதான வே இருந்துது? இப்ப கால்லயே விழுந்துட்டா? இன்னும் ரெண்டு வாரம் போனா மொட்டை போட்டுக்கிட்டுத் திருச்செந்தூருக்கு நடந்தே போயிரும்!”

“நாலு காலு இருக்குல்லா, சீக்கிரம் போய்ச் சேந்திரும்” என்றார் பக்கத்தில் இருந்தவர்.

மறுபடியும் சிரிப்பு. குற்றாலிங்கம் கோபப்படவில்லை. நயினார் முகத்தை ஒரு நொடி பார்த்தார். பிறகு டம்ளருக்குள் பார்வையைத் திருப்பிக்கொண்டார். அந்த ஒரு நொடியைத் தாங்குவதற்குத்தான் நயினார் அவ்வளவு சத்தமாகச் சிரித்தார். ஏனென்றால் நாற்காலி மன்னிப்புக் கேட்டது உண்மை. அதில் அப்போது உட்கார்ந்திருந்தவர் நயினார்.

நயினார் முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டியவர். பாளையிலிருந்து திருநெல்வேலி டவுனுக்கு, தாமிரபரணி ஆற்றுப்பாலம் வழியாக. அந்தப் பாலத்தை அவர் கடந்த தூரத்தையெல்லாம் சேர்த்து ஒட்டினால் நிலாவுக்குப் போய், அங்கே ஒரு டீ குடித்துவிட்டு, சில்லறை இல்லை என்று சண்டையும் போட்டுவிட்டுத் திரும்பியிருக்கலாம். பிறகு பஸ்கள் தாங்களே ஓடக் கற்றுக்கொண்டன. மாவட்டத்தின் கடைசி மனித ஓட்டுநர் என்று அவருக்கு மாலை போட்டு அனுப்பி வைத்தார்கள்.

ஓய்வுபெற்ற இரண்டாவது மாதம் ஆளில்லாப் பஸ்ஸில் பயணியாக உட்கார்ந்து பாலத்தைக் கடக்கும்போது, நட்ட நடுவில், மூச்சு அடைத்தது. காரணம் ஒன்றும் இல்லை. ஆற்றில் வெள்ளமும் இல்லை. நெஞ்சுக்குள் யாரோ பிரேக்கை மிதித்துவிட்டு எடுக்க மறந்ததுபோல இருந்தது. “நிறுத்து! நிறுத்து!” என்று கத்தினார். பஸ் சொன்ன பேச்சைக் கேட்டு நின்றது. அவர் நாற்பது பேர் முன்னால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியில் தவழ்ந்து இறங்கினார். “பயணி ஒருவருக்கு உடல்நலக் குறைவு, பொறுத்தருள்க” என்று பஸ் ஊருக்கே ஒலிபெருக்கியில் அறிவித்தது. அந்த நாற்பது பேரில் மூன்று பேர் அவர் வண்டியிலேயே முப்பது வருடம் வந்தவர்கள்.

அதற்குப் பிறகு பாலம் அவருக்கு இல்லை. மகள் பிரமுவின் வீடோ பாலத்துக்கு அந்தப் பக்கம், டவுனில்.

பாலத்துக்கு இந்தப் பக்கமே, முருகன்குறிச்சியில் ஒரு மாடி அறையில் மனநல ஆலோசகர் தேவகிருபை இருந்தார். நயினார் தொப்பியை இழுத்து மூடிக்கொண்டு, ஆதார் திருத்தம் செய்யப் போகிறவரைப் போலப் போனார். தேவகிருபை பாலத்தின் விளக்குக் கம்பங்களை எண்ணச் சொன்னார். இந்த வாரம் முதல் கம்பம் வரைக்கும் போய், பயம் தானாக இறங்குகிற வரை நிற்க வேண்டும். பிறகு அடுத்தது.

“எனக்குச் சரியாயிருமா மேடம்?”

“பத்துப் பேர் இப்படி வந்தா ஆறேழு பேருக்கு நல்லாவே குறையும் சார். நீங்க எந்தப் பக்கம்னு எனக்கு இன்னும் தெரியாது. நாலஞ்சு மாசம் ஆகலாம். நடுவுல மோசமாகவும் தோணும்.”

ஒரு வைத்தியம் பார்ப்பவர் தெரியாது என்று சொல்லலாமா? நயினாருக்கு அது பிடிக்கவே இல்லை. இருந்தாலும் ஆறு வாரத்தில் மூன்றாவது கம்பம் வரைக்கும் போய்விட்டார்.

அப்போதுதான் ஊரெல்லாம் பலகை முளைத்தது. ‘அகமலர் நாற்காலி. ஒரே அமர்வு. இருபத்தொரு நிமிடம். பயம், சோகம், தூக்கமின்மை, புகைப்பழக்கம், கணவன் மனைவி பிணக்கு, தேர்வு நடுக்கம், அனைத்தும் வேரோடு. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு பேருக்குப் பூரண குணம்.’ அடியில் அரசாங்க முத்திரை. முத்திரைக்குக் கீழே மனச் சிகிச்சை விளம்பரத் தணிக்கைப் பிரிவின் மூத்த அதிகாரி, திருவாளர் குற்றாலிங்கத்தின் கையெழுத்து.

நாலைந்து மாதம் எங்கே, இருபத்தொரு நிமிடம் எங்கே! நயினார் மூன்றாவது கம்பத்தோடு தேவகிருபைக்கு முழுக்குப் போட்டார்.

பாளை நிலையத்தில் நாற்காலி தேனைக் குழைத்த குரலில் பேசியது. தலைமாட்டில் வெந்நீர் ஆவித் துண்டு, காலுக்கு மெத்தை வைத்த பலகை. பன்னிரண்டாவது நிமிடத்தில் வேரைக் கண்டுபிடித்துவிட்டது.

“மூன்று வயதில் தாங்கள் வீட்டுக் கிணற்றில் விழுந்தீர்கள்.”

“எங்க வீட்டுல கிணறே கிடையாதே?”

“அதனால்தான் அந்த நினைவு அவ்வளவு ஆழத்தில் புதைந்திருக்கிறது.”

இருபத்தொன்றாவது நிமிடம் மணி அடித்தது. ஒரு பணிப்பெண் ரோஜாப்பூவும் கடலை மிட்டாயும் வைத்த தட்டோடு சிரித்துக்கொண்டு வந்து நின்றாள். “இப்போது எப்படி இருக்கிறது?” என்று நாற்காலி கேட்டது.

“நல்லாருக்கு” என்றார் நயினார்.

வேறு என்ன சொல்வார்? கல்யாண வீட்டு சாம்பாரில் உப்பே போடாவிட்டாலும், பந்தியில் குனிந்து “எப்படி இருக்கு?” என்று விசாரிக்கிறவரிடம் இந்தச் சீமையில் யாரும் வேறு சொன்னதில்லை.

மறுநாள் பாலத்துக்குப் போனார். மூன்றாவது கம்பம் கிடக்கட்டும், முதல் கம்பத்திலேயே கால் மரத்துவிட்டது. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு பேர் தேறிவிட்டார்கள். அப்படியானால் தேறாத அந்த இரண்டு உருப்படிகளில் தான் ஒன்று. பயம் மட்டும் இருந்த இடத்தில் இப்போது அவமானமும் வந்து கால் நீட்டிப் படுத்துக்கொண்டது. தேவகிருபையின் மாடிப்படியைத் திரும்ப மிதிக்க முகமில்லை. பிரமுவின் புதுவீட்டுப் பால்காய்ப்பு வந்தது. மூட்டுவலி என்று சொல்லிவிட்டார். மூட்டுவலிக்காரர் தினமும் மைதானத்தை ஏழு சுற்றுச் சுற்றுவது மகளுக்குத் தெரியாதா?

மூன்று வாரம் கழித்து அவர் நாற்காலியிடம் இரண்டாவது தடவை போனார். சண்டை போட அல்ல, தன்மேல்தான் என்ன குறை என்று கேட்க. அந்த அமர்வின் நடுவில் திரை விலகியது. திரைக்கு அந்தப் பக்கம், தான் கையெழுத்திட்ட கோப்போடு, ஓய்வுபெற்று ஒரு மாதமே ஆன குற்றாலிங்கம் நின்றுகொண்டிருந்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இன்று வரைக்கும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அந்த நிமிடத்தில் நடந்ததைத்தான் குற்றாலிங்கம் பதினொரு மாதமாகக் கேலரிப் படியில் உட்கார்ந்து பெருக்கிக்கொண்டிருந்தார். ஆனால் நாற்காலியில் இருந்தது யார் என்று கேட்டால், “யாரோ ஒரு ஆளு வே, முகம் ஞாபகம் இல்ல” என்பார். அந்த இடத்தில் மட்டும் அவர் ஒரு சொட்டுக்கூடக் கூட்டிச் சொன்னதில்லை.

அன்றைக்கு மைதானத்திலிருந்து வீட்டுக்குத் திரும்பியதும் பிரமு கூப்பிட்டாள். நாலு மாதக் கைக்குழந்தைக்காரி. குழந்தையை நயினார் திரையில்தான் பார்த்திருக்கிறார். “நீங்க வந்து பாக்காம நான் தூக்கிட்டு வர மாட்டேன்” என்று அவள் பிடிவாதம் பிடித்திருந்தாள். அப்பாவுக்குப் பிடிக்காத கல்யாணம் பண்ணிக்கொண்டதற்குத்தான் அவர் இன்னும் முறுக்கிக்கொண்டிருக்கிறார் என்பது அவள் கணக்கு.

“எப்பா, நான் தேவகிருபை மேடத்துக்கிட்ட இனிமே போகல.”

நயினாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. “நீ எதுக்குட்டி அங்க போற?”

“உங்களுக்கு எங்க தெரியும்? புள்ள பொறந்ததுலேர்ந்து எனக்கு ஒண்ணுமே ஒட்டல. காரணமே இல்லாம அழுதுகிட்டே கெடக்கேன். அந்தப் புள்ளைய தூக்கணும்னுகூடத் தோணல சில நாள்ல. மேடம் மெதுவாத்தான் சரியாகும்னு சொல்லுதாங்க, டாக்டர்கிட்ட மாத்திரைக்கும் போகச் சொன்னாங்க. மெதுவா மெதுவான்னா எத்தனை நாளுப்பா? அகமலர் நாற்காலி டவுன்ல திறக்கப் போறாங்களாம். ஒரே அமர்வாம். மாத்திரையே வேண்டாமாம். பேர் எழுதிக் குடுத்துட்டேன்.”

“வேண்டாம் பிரமு.”

“ஏன்?”

“அது… சரிப்படாது தாயி.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

இரண்டாயிரத்து நாற்பத்தொன்பதாம் வருடத்தில் செவ்வாயில் தக்காளி விளைகிறது. ஆனால் ஒரு அப்பா மகளிடம் ‘நான் பயந்து போய் அங்கே போனேன்’ என்று சொல்வதற்கு இன்னும் ஒரு கருவியும் வந்தபாடில்லை.

“பேப்பர்ல போட்டிருந்தான்” என்றார் நயினார்.

“எந்தப் பேப்பர்ல? வெள்ளிக்கிழமை டவுன் மண்டபத்துல உரிமம் புதுப்பிக்க விசாரணை வச்சிருக்காங்க. எழுதிக் குடுத்தவங்க எல்லாரும் ஆதரவுக்கு வரணும்னு சொல்லியிருக்காங்க. நான் போறேன்.” கொஞ்சம் பொறுத்து, “நீங்கதான் டவுன் பக்கமே வர மாட்டியளே” என்று சொல்லி அழைப்பைத் துண்டித்துவிட்டாள்.

மறுநாள் நடை முடிந்ததும் குற்றாலிங்கம் மற்றவர்களை அனுப்பிவிட்டு நயினாரின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். டம்ளர் இல்லை. சத்தமும் இல்லை.

“வெள்ளிக்கிழமை விசாரணை வே. நான் சாட்சி சொல்லப் போறேன். நாற்காலியோட ஞாபகத்தை அன்னைக்கே அழிச்சுட்டானுவ. புதுப்பிச்சோம்ங்கான். இப்ப அது மறுபடியும் தேனு மாதிரி பேசுது.”

“உம்ம யாரு வே நம்புவா?”

“அதான. முப்பத்தஞ்சு வருசம் அடுத்தவன் புளுகை வெட்டினேன். வெட்டின துண்டெல்லாம் என் வாயிலயே சேந்து போச்சு.” சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. “என் கண்ணுல படாம ஒரு விளம்பரம் தப்பினது கிடையாது, தெரியுமா? இது எதைக் குணமாக்காதுன்னு முதல்ல தேடுவேன். எல்லாத்தையும் குணமாக்கும்னா தூக்கிப் போட்டுருவேன். அதைச் செய்யாம சும்மா இருந்தவன் எத்தனை பேருக்குத் தானாச் சரியாச்சுன்னு கேப்பேன். ஆறு மாசம் கழிச்சு யாராவது போய்ப் பாத்தியான்னு கேப்பேன். எண்ணுனது யாருடான்னு கேப்பேன். நாலு கேள்வியில ஒருத்தன் வேட்டிய இறுக்கிக்கிட்டு ஓடுவான்.”

“பின்ன இதுக்கு எப்படி வே கையெழுத்துப் போட்டீரு?”

குற்றாலிங்கம் ஆளில்லாத மைதானத்தைப் பார்த்தார்.

“ஓய்வுக்கு நாலு நாளு இருந்துது. பரிசோதிக்கன்னு போய் நானே உட்கார்ந்தேன். சொகமா இருந்துது. எப்படி இருக்குன்னு கேட்டுது. நல்லாருக்குன்னேன். அந்தப் பிள்ள கடலை மிட்டாய் குடுத்துது. அங்கேயே கையெழுத்துப் போட்டேன். எண்ணுனது யாருன்னு கேக்கல வே. கேட்டிருந்தா, அந்த நாற்காலியேதான்னு தெரிஞ்சிருக்கும். எந்திரிக்கும்போது நல்லாருக்குன்னு சொன்னவன் எல்லாம் குணம். திரும்பி வராதவன் எல்லாம் குணத்துக்கு ருசு. மீதி ரெண்டு பேரு யாரு தெரியுமா? பதில் சொல்லாமத் தூங்கிப் போனவன்.”

பதினொரு மாதமாக நயினார் தான் சேர்ந்திருப்பதாக நினைத்த அந்தத் துரதிர்ஷ்டசாலிக் கூட்டம் என்று ஒன்று இருக்கவே இல்லை!

“யார் பேரையும் நான் சொன்னதில்ல, சொல்லவும் மாட்டேன்” என்று குற்றாலிங்கம் எழுந்தார். “ஆனா அன்னைக்கு இருந்த ஆளு வந்து ஒரு வார்த்தை சொன்னா…”

“எந்த ஆளு?” என்றார் நயினார். கேட்டதும் வெட்கத்தில் காது மடல் வரைக்கும் சுட்டது.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவர் குற்றாலிங்கத்தின் வீட்டு வாசலில் போய் நின்றார். வெளுத்த வேட்டி, சட்டை, தோளில் ஒரு பெரிய துண்டு.

“ஆட்டோ கூப்பிடும்” என்றார். “சிரிச்சீருன்னா கொன்னுபுடுவேன்.”

பாலம் தொடங்குகிற இடத்தில் நயினார் இருக்கையிலிருந்து இறங்கி ஆட்டோவின் தரையில் சுருண்டு படுத்தார். துண்டால் தலையோடு மூடிக்கொண்டார். ஆளில்லா ஆட்டோ பதறிவிட்டது. “பயணி தயவுசெய்து இருக்கையில் அமரவும். பயணி தயவுசெய்து…” பாலம் முழுக்க இதையே இருநூறு தடவை சொன்னது. குற்றாலிங்கம் குனிந்து நயினாரின் கையைப் பிடித்துக்கொண்டு, வெளியே எட்டிப் பார்த்துப் போகிற வருகிற வண்டிகளுக்கெல்லாம் “ஒண்ணுமில்ல, சாவியைத் தேடுதாரு” என்று விளக்கம் சொல்லிக்கொண்டே வந்தார்.

“முடிஞ்சுதா வே?” துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

“இந்தா வந்துட்டு. இன்னும் மூணே மூணு கிலோமீட்டர்தான்.”

“பாலமே கால் கிலோமீட்டர்தான வே, பாவி!”

அந்தப் பக்கம் இறங்கியபோது நயினாரின் சட்டையைப் பிழிந்திருந்தால் தாமிரபரணிக்கு இன்னொரு மதகு திறந்திருக்கும். முப்பத்தோரு வருடம் நெஞ்சை நிமிர்த்தி ஓட்டிய பாதை. ஆட்டோவின் ரப்பர் விரிப்பு கன்னத்தில் கட்டம் கட்டமாகப் பதிந்திருந்தது.

டவுன் மண்டபத்தில் முன்னூறு பேர். பாதிப் பேர் கையில் அகமலரின் பதிவுச் சீட்டு. மேடையில் விசாரணை அதிகாரி ஆவுடைநாயகி. குற்றாலிங்கத்திடம் வேலை கற்றுக்கொண்டவர். அவருக்குப் பக்கத்தில் அகமலர் நிலையத்தின் மேலாளர் திரவியம், இஸ்திரி கலையாத சிரிப்போடு.

நயினார் கடைசித் தூணுக்குப் பின்னால் நின்றார். ஆறாவது வரிசையில் பிரமு. மடியில் குழந்தை. அவள் இளைத்துப் போயிருந்ததைத் திரை அவருக்குக் காட்டியிருக்கவில்லை.

குற்றாலிங்கம் மேடையேறினார். கையெழுத்துப் போட்டது தன் தப்பு என்று முதலில் சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பழக்கம் யாரை விட்டது? நாற்காலி என்ற வார்த்தை வாயில் வந்ததும் அது எழுந்து நின்றது, காலில் விழுந்தது, அழுதது. புதிதாக விக்கல்கூட எடுத்தது. மண்டபம் குலுங்கியது.

“சார்,” என்றார் ஆவுடைநாயகி, தலையைப் பிடித்துக்கொண்டு. “நீங்கதான எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க, ஒரே ஆள் சொல்றது ஆதாரம் ஆகாதுன்னு? இதை நான் எப்படி எழுத? வேற யாராவது பாத்தாங்களா?”

குற்றாலிங்கம் கடைசித் தூணைப் பார்க்கவே இல்லை. “முகம் ஞாபகம் இல்லம்மா” என்றார்.

திரவியத்தின் சிரிப்பு இன்னும் ஒரு அங்குலம் அகன்றது. ஆவுடைநாயகி பேனாவை எடுத்தார்.

“நான்தாம்மா அது” என்றது ஒரு குரல்.

அது தன் குரல் என்று நயினாருக்கே இரண்டு நொடி கழித்துத்தான் தெரிந்தது. முன்னூறு தலையும் திரும்பியது. பிரமுவின் தலையும்தான். வரிசைகளுக்கு நடுவே அவர் நடந்தார். பாலமே தேவலை என்று இருந்தது.

பெயர் கேட்டார்கள், சொன்னார். தொழில் கேட்டார்கள், சொன்னார். எதற்காக நாற்காலிக்குப் போனீர்கள் என்று கேட்டார்கள். மைக்கை இறுகப் பிடித்துக்கொண்டு, “ஆத்துப்பாலத்தைப் பாத்தா எனக்குப் பயம்” என்றார். பின்வரிசையில் யாரோ “பஸ் டிரைவருக்கா!” என்று சிரித்தான். அவர் அந்தச் சிரிப்பு முடிகிற வரைக்கும் காத்திருந்தார். அப்படிச் சிரிக்கிற வேலையைப் பதினொரு மாதம் செய்தவர் அல்லவா அவர்?

திரவியம் எழுந்தார். “ஐயா எங்ககிட்ட முதல் தடவை வந்தப்பவே பூரண குணம் ஆயிட்டாங்க மேடம். அவங்க குரல்லயே இருக்கு.” ஒரு பொத்தானை அழுத்தினார்.

“நல்லாருக்கு” என்றது மண்டபம் முழுக்க நயினாரின் குரல்.

“இது உங்க குரல்தானா?” என்றார் ஆவுடைநாயகி.

“ஆமாம்மா. மரியாதைக்குச் சொன்னேன். அந்தப் பிள்ள தட்டை வச்சுக்கிட்டு நின்னுது. ஒண்ணும் ஆகலைன்னு மூஞ்சிக்கு நேரே எப்படிச் சொல்ல? கல்யாண வீட்டுல கேட்டா என்ன சொல்லுவோம்?”

மண்டபம் சிரிக்க வாயெடுத்தது, ஆனால் சிரிப்பு வரவில்லை. அங்கங்கே சில தலைகள் குனிந்தன. பாளையில் ஏற்கெனவே உட்கார்ந்து எழுந்தவர்கள் போலிருக்கிறது.

“இப்பவாவது குணமாயிடுச்சா?” என்றார் ஆவுடைநாயகி.

“இல்ல. இன்னைக்கு ஆட்டோத் தரையில துண்டை மூடிப் படுத்துக்கிட்டுதான் பாலத்தைத் தாண்டி வந்தேன். மூணாவது கம்பம் வரைக்கும் ஒருத்தவங்க என்னைக் கூட்டிட்டுப் போயிருந்தாங்க. தெரியாதுன்னு சொன்னாங்களேன்னு விட்டுட்டு வந்தேன். தெரியும்னு சொன்னவன்கிட்ட போனேன்.”

“மூட்டுவலின்னு சொன்னியளேப்பா?”

கேட்டது அதிகாரி அல்ல. பிரமு எழுந்து நின்றிருந்தாள்.

“பொய் தாயி” என்றார் நயினார்.

அவளிடம் இன்னும் நூறு கேள்வி இருந்தது முகத்தில் தெரிந்தது. குழந்தையோடு மறுபடி உட்கார்ந்தாள். அவள் கையில் இருந்த பதிவுச் சீட்டைக் குழந்தை பிடுங்கிக் கசக்க ஆரம்பித்தது. அவள் தடுக்கவில்லை.

ஆவுடைநாயகி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். “கடைசியா ஒண்ணு. குற்றாலிங்கம் சார் சொன்னபடி அந்த நாற்காலி மன்னிப்புக் கேட்டுதா?”

முன்வரிசையில் குற்றாலிங்கம் வேட்டி நுனியைத் திருகிக்கொண்டிருந்தார்.

“எந்திரிச்சு நிக்கலம்மா” என்றார் நயினார். “நாற்காலி எப்படி எந்திரிக்கும்?”

குற்றாலிங்கத்தின் தலை கொஞ்சம் தாழ்ந்தது.

“கால்ல விழல. கால் வைக்கிற பலகை கீழே இறங்குச்சு, அவ்வளவுதான். அழல. தலைமாட்டு ஆவித் துண்டுலேர்ந்து தண்ணி சொட்டுச்சு. விக்கல்லாம் எடுக்கல. அது இன்னைக்குக் காலையில சேத்தது.”

தலை மார்பைத் தொட்டுவிட்டது. இனித் தாழ இடமில்லை.

“போனதும், ‘தாங்கள் குணமாகிவிட்டீர்களே, ஏன் திரும்பி வந்தீர்கள்?’னு கேட்டுது. நல்லாருக்குன்னு மரியாதைக்குச் சொன்னேன், எனக்கு ஒண்ணும் ஆகலைன்னேன். அப்புறம், ‘மற்ற நானூற்றுப் பதினோரு பேரும் மரியாதைக்குச் சொல்லியிருப்பார்களா?’ன்னு கேட்டுது. எனக்குத் தெரியாதுன்னேன். ‘எனக்கும் தெரியாது. திரும்பி வந்து சொன்னது நீங்கள் ஒருவர்தான்’னுது. அப்புறம்…”

திரவியம் ஏதோ சொல்ல எழுந்தார். ஆவுடைநாயகி கையைக் காட்டி உட்கார வைத்தார்.

“அப்புறம், ‘தெரியாததைத் தெரியும் என்று சொல்லிவிட்டேன், என்னை மன்னியுங்கள்’னு சொல்லிச்சு. சாதாரணமாத்தான் சொல்லிச்சு. அந்தத் தேன் குரல்கூட இல்ல. அதுக்குள்ள அந்தப் பிள்ள ஓடி வந்து வயரைப் பிடுங்கிட்டா.” மைக்கிலிருந்து கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். “இவரு சொல்லுதது அவ்வளவும் மிகைதாம்மா. ஆனா மன்னிப்புக் கேட்டது நெசம். கேட்டுது. என்கிட்டதான் கேட்டுது. நான், ‘பரவாயில்ல, இருக்கட்டும்’னு சொல்லிட்டு எந்திரிச்சு வந்துட்டேன்.”

பிரமு இருந்த பக்கம் பார்த்தார்.

“அதுவும் மரியாதைக்குச் சொன்னதுதான்.”